ஒத்திப் பணம் நாலு லட்சம், தலைக்கு மேல் பெயரும் தளம்: செல்லூரில் என்ன செய்வது?

வைகைக்கரை:
மதுரை செல்லூரில் ஒரு மாடி வீட்டில் ஒத்திக்கு (மாத வாடகை இல்லாமல் மொத்தமாகப் பணம் கொடுத்து, காலி செய்யும்போது திருப்பி வாங்குவது) இருக்கிறோம். நான், கணவர், எட்டு வயது மகள், மாமியார். நாலு லட்சம் கொடுத்து வந்தோம். ஒத்திக் காலம் முடிந்துவிட்டது, பணம் இன்னும் வீட்டுக்காரரிடம்தான் இருக்கிறது.

கட்டடம் நாற்பது வருடத்துக்குக் குறையாது. ஒவ்வொரு மழைக்கும் படுக்கையறைத் தளத்தில் ஓதம் ஏறும். இந்த ஐப்பசி மழையில் தோசைக்கல் அகலத்துக்குக் காரை பெயர்ந்து கட்டிலின் கால்மாட்டில் விழுந்தது. பகல் நேரம், யாரும் படுத்திருக்கவில்லை. பெயர்ந்த இடத்தில் இரண்டு கம்பி தெரிந்தது. ஸ்டூல் போட்டு ஏறித் தொட்டுப் பார்த்தேன், துரு செதில் செதிலாகக் கையோடு வந்தது. அந்த அறைக்கு நேர் மேலேதான் வீட்டுக்காரர் போன வருடம் இரண்டாவது சின்டெக்ஸ் தொட்டியை வைத்தார். அடுப்படியில் குழாயை ஒட்டிய சுவர் மழை நாளில் ஷாக் அடிக்கிறது. மாமியார் இப்போது ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் பாத்திரம் கழுவுகிறார்.

வீட்டுக்காரரிடம் சொன்னால் "மழை முடியட்டும்மா, கொத்தனார வரச் சொல்றேன்" என்பார். மழை முடிந்தால் "இப்பத்தான் மழை இல்லையே" என்பார். காலி செய்கிறோம், பணத்தைக் கொடுங்கள் என்றால், "நாலு லட்சத்துக்கு நான் இப்ப எங்கிட்டுப் போக? அடுத்த பார்ட்டி வந்து பணம் குடுத்தா அன்னைக்கே உங்களுக்கு."

என் கேள்வி இனிமேல்தான். போன வாரம் இரண்டு குடும்பம் வீடு பார்க்க வந்தது. அதற்கு முந்தின நாள் வீட்டுக்காரர் ஆள் அனுப்பி, கம்பி தெரிந்த இடத்தில் சிமென்ட் பூசி வெள்ளையடித்துவிட்டார். என்னிடம் தனியாக, "அவங்ககிட்ட நீங்க ஒண்ணும் பேச வேணாம், உங்க பணம்தான் வரப்போகுது" என்றார். வந்தவர்களில் ஒரு பெண் நிறைமாதக் கர்ப்பிணி. "தண்ணி வசதி எப்படிக்கா, ஒழுகுமா?" என்று கேட்டாள். நான் சொல்லிவிட்டேன். அவர்கள் போய்விட்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் என்மேல் கோபம்.

பணத்தை வாங்கவும் வேண்டும், அடுத்த குடும்பத்தை இந்தத் தளத்துக்குக் கீழே படுக்க வைக்கவும் கூடாது. இதற்கு வழி இருக்கிறதா?

வில்லாபுரம்72:
சகோதரி, கோபப்படாதீர்கள். உங்கள் பணம் நாலு லட்சம். அதைச் சேர்க்க எத்தனை வருடம் ஆகியிருக்கும்? வீடு பார்க்க வருகிறவர்களுக்கும் கண் இருக்கிறது. அண்ணாந்து பார்க்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. முதலில் பணத்தை வாங்கிக்கொண்டு குழந்தையோடு வெளியே வாருங்கள். ஒத்தியில் பணம் மாட்டி, கடைசியில் வீட்டுக்காரரே ஊரைவிட்டுப் போன கதையை என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

சிம்மக்கல்:
அண்ணே, வெள்ளையடித்துவிட்டு "அண்ணாந்து பார்" என்றால் என்ன தெரியும்? 2024 செப்டம்பரில் கட்ராபாளையத்துப் பெண்கள் விடுதித் தீ விபத்தில் வேலைக்குப் போகிற பெண்கள் செத்துப்போனார்கள். கட்டடம் பழுது என்று மாநகராட்சி ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்திருந்த விஷயம் அதற்கப்புறம்தான் செய்தியில் வந்தது. அங்கே தங்கியிருந்த எத்தனை பேருக்கு அந்த நோட்டீஸ் தெரிந்திருக்கும்? நானும் விடுதியில் இருக்கிறவள். எங்களிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. அக்கா சொன்னது சரி.

தளம்போடுறவன்:
சண்டை இருக்கட்டும். அம்மா, முதலில் இதைச் செய்யுங்கள். இன்று ராத்திரியே.

அந்த அறையில் படுக்காதீர்கள். கட்டிலை வேறு அறைக்கு மாற்றி, அந்தக் கதவைச் சாத்திவிடுங்கள். பாப்பா விளையாடப் போகக்கூடாது.

ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். கம்பி துருப்பிடித்த தளத்தின் மேல் அந்த எடை நிற்கிறது. தொட்டியைக் காலி செய்யச் சொல்லுங்கள். கீழ்வீட்டுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால், பழைய தொட்டி சுவருக்கு நேர் மேலே இருக்கிறதா என்று பார்த்து, அதிலிருந்து குழாய் கொடுக்கலாம். மொட்டைமாடியில் தண்ணீர் தேங்குகிறதா, வடிகுழாய் குப்பையால் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பாதி வீடுகளில் வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பூசியது பற்றி. கம்பி துருப்பிடித்தால் பருமன் கூடும். இரும்பு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் கீழே தள்ளப்படுகிறது. துருவைச் சுரண்டாமல், கம்பியைச் சுத்தம் செய்து துருத்தடுப்புப் பூச்சு அடிக்காமல், மேலே சிமென்ட் அப்பினால் அடுத்த மழையில் அந்தச் சிமென்ட்டும் சேர்ந்து விழும். இன்னும் பெரிய வில்லையாக விழும். வெள்ளையடித்த இடத்தை ஒரு கம்பாலோ துடைப்பக் கட்டையாலோ, நேர் கீழே நிற்காமல் ஒதுங்கி நின்று லேசாகத் தட்டிப் பாருங்கள். நல்ல தளம் 'டங்' என்று கெட்டியாகக் கேட்கும். 'தொப்பு தொப்பு' என்று கேட்டால் உள்ளே பிரிந்துவிட்டது. எத்தனை தூரம் அப்படிக் கேட்கிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டுப் படம் எடுத்து வையுங்கள்.

சுவரில் விரிசல் இருந்தால் அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி விரிசல் போனால் கட்டடம் இன்னும் அசைகிறது என்று அர்த்தம். மயிரிழை விரிசல்கள் பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுகிற விரிசலைத்தான் பயந்து பார்க்க வேண்டும்.

ஃபேஸ்நியூட்ரல்:
சுவர் ஷாக் அடிப்பதைக் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அதுதான் முதல் ஆபத்து. தளம் விழுமுன் ஓதத்தில் அறிகுறி காட்டும், கரண்ட் காட்டாது. செருப்பை நம்பாதீர்கள். கை ஈரமாக இருக்கும், மறுகை குழாயைப் பிடித்திருக்கும், அவ்வளவு போதும்.

சுவருக்குள் போகிற பழைய ஒயரின் மேல்தோல் கெட்டு, ஈரச் சுவர் வழியாகக் கசிகிறது. அடுப்படி லைனுக்குத் தனி ஃபியூஸ் இருந்தால் அதை எடுத்துவிட்டு, விளக்குக்கு வேறு அறையிலிருந்து தற்காலிகமாக எடுங்கள். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து மெயின் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போடச் சொல்லுங்கள். கசிவு வந்த கணமே மின்சாரத்தைத் துண்டிக்கும். பெட்டி விலை இரண்டாயிரம் மூவாயிரத்துக்குள் முடியும், எர்த் சரியில்லை என்றால் அதற்குத் தனிச் செலவு. வீட்டுக்காரர் கொடுப்பார் என்று காத்திருக்காதீர்கள், ரசீதை வைத்துக்கொண்டு அப்புறம் கேட்கலாம். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரோ மீட்டர் பெட்டியோ நனைந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. இரவிலும் எடுப்பார்கள்.

வைகைக்கரை:
நன்றி அண்ணே. படித்தவுடன் கட்டிலை நடு அறைக்கு மாற்றிவிட்டோம். கணவர் தட்டிப் பார்த்தார். வெள்ளையடித்த இடம் மட்டுமில்லை, ஃபேன் கொக்கி வரைக்கும் தொப்பென்றுதான் கேட்கிறது. ஃபேனைக் கழற்றிவிட்டோம்.

அண்ணாநகர்மாடிவீடு:
நான் வீட்டுக்காரி. இரண்டு வீடு ஒத்திக்கு விட்டிருக்கிறேன். இங்கே எழுதினால் எல்லோரும் அடிக்க வருவீர்கள் என்று தெரியும், இருந்தாலும் எங்கள் பக்கம் ஒன்று இருக்கிறது. ஒத்திப் பணத்தைப் பீரோவில் வைத்திருப்பவர் யாரும் இல்லை. மகள் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கடனை அடைக்கவோ வாங்குகிறோம். மாதா மாதம் வாடகை வராததால் பழுது பார்க்கக் கையில் காசு நிற்பதில்லை. அதனால்தான் ஒரு ஒத்தியை அடைக்க அடுத்த ஒத்தி. உங்கள் வீட்டுக்காரரும் கெட்டவராக இல்லாமல் இருக்கலாம், காசில்லாதவராக இருக்கலாம்.

ஆனால் பூசி மறைத்ததை நான் ஏற்க மாட்டேன். என் மாடியில் தட்டோடு பெயர்ந்து ஒழுகியபோது, குடியிருந்தவரிடம் "ரெண்டு மாசம் பொறுங்க தம்பி" என்று சொல்லி நகையை அடகு வைத்துத்தான் வேலை பார்த்தேன். உயிர் போனால் யார் பதில் சொல்வது?

சிம்மக்கல்:
அம்மா, நீங்கள் சொல்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அடுத்தவர் பணம் வந்தால்தான் இவர் பணம் வரும். அவருடையது அதற்கடுத்தவர் வந்தால்தான். தளமோ வருடத்துக்கு வருடம் இளைத்துக்கொண்டே போகிறது. யார் தலையில் விழுகிறதோ அவர்தான் கடைசி ஒத்திக்காரர்.

அண்ணாநகர்மாடிவீடு:
அதை மறுக்கவில்லை கண்ணு.

கோர்ட்வாசல்:
ஒத்தி, வாடகை இரண்டையும் பிரித்துப் பேச வேண்டும். சட்டம் இங்கே இரண்டு பாதையாகப் போகிறது.

மாத வாடகை என்றால் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இருக்கிறது. கட்டடத்தின் உறுதி சம்பந்தமான பழுது, குழாய் மாற்றுவது, வீட்டுக்குள்ளும் வெளியிலும் உள்ள ஒயரிங், சுவருக்கு வெள்ளையடிப்பது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. டேப் வாஷர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி குடியிருப்பவர் பொறுப்பு. எழுத்தில் வேறு மாதிரி உடன்பாடு இருந்தால் அதன்படி. வீட்டுக்காரர் தன் பங்குப் பழுதைப் பார்க்க மறுத்தால், குடியிருப்பவரே வேலையை முடித்து வாடகையில் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் பிடிக்க முடியாது. சண்டை வந்துவிட்டது என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ வீட்டுக்காரர் நிறுத்தவும் கூடாது. இதற்கெல்லாம் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். மதுரையில் பாதிப் பேர் வாய்ப்பேச்சில் குடியேறுகிறார்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணம் காட்டி வீட்டுக்காரர் காலி செய்யக் கேட்க அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

இப்போது ஒத்தி. பிடித்தம் செய்ய இங்கே வாடகையே இல்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் கண்ணில் முறையான ஒத்தி என்பது அடமானம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட தொகை என்றால் பத்திரம் பதிவாக வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சி கையெழுத்து வேண்டும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. அப்படிப் பணம் கொடுத்து அனுபோகத்தில் இருக்கிற அடமானதாரர், சொத்தின் வருமானத்துக்கு உட்பட்டுத் தேவையான பழுதைப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. அதாவது "பராமரிப்பு வீட்டு உரிமையாளர் பொறுப்பு" என்ற வரி உங்கள் பத்திரத்தில் இல்லையென்றால், அவருடைய வக்கீல் உங்கள் பக்கம் கையை நீட்டுவார். முதலில் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். பதிவு செய்ததா, வெறும் முத்திரைத்தாளா? பணம் வங்கி வழியாகப் போனதா?

வைகைக்கரை:
பதிவு செய்யவில்லை. முத்திரைத்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மூன்று லட்சம் வங்கியில் போட்டது, ஒரு லட்சம் கையில் கொடுத்தது. முழு நாலு லட்சமும் பெற்றுக்கொண்டதாக எழுத்தில் இருக்கிறது. "சிறு பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு" என்று ஒரு வரி உண்டு. பெரிய பழுது பற்றி ஒன்றும் இல்லை.

கோர்ட்வாசல்:
நல்லது. நாலு லட்சம் பெற்றதாக எழுத்து, வங்கிக் கணக்கு, இரண்டும் பணத்துக்குச் சாட்சி. "சிறு பழுது" என்று தனியாக எழுதியதும் உங்களுக்குச் சாதகமாகப் பேச உதவும். தளம் சிறு பழுது இல்லை.

இனி வாயால் பேசாதீர்கள், கடிதமாக அனுப்புங்கள். காரை விழுந்த தேதி, கம்பி தெரிந்தது, அதைப் பூசி மறைத்தது, தொட்டி, சுவரில் கரண்ட், ஒத்திக் காலம் முடிந்த தேதி, பணத்தைத் திருப்பிக் கேட்பது, எல்லாம் ஒரே கடிதத்தில் படங்களோடு. பதிவுத் தபால் இப்போது ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது, ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் செய்திகளை அழிக்காதீர்கள்.

அப்புறம், மாநகராட்சி. ஆபத்தான கட்டடம் என்று மண்டல அலுவலகத்தில் மனு கொடுங்கள், நகலில் சீல் போட்டு வாங்குங்கள். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளிலும் ஒரு மனு. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். தொலைபேசி 15100.

வில்லாபுரம்72:
மாநகராட்சிக்குப் போனால் "காலி செய்" என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள். அப்புறம் எந்தப் பார்ட்டி வரும்? பணம் எங்கிருந்து வரும்? யோசித்துச் செய்யுங்கள் சகோதரி. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை.

தளம்போடுறவன்:
அண்ணே, நீங்கள் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். ஆனால் இந்த ஊரை எண்ணிப் பாருங்கள். 2020 தீபாவளி அன்று அதிகாலையில் நவபத்கானா தெருவில் தீயணைக்கப் போன இரண்டு வீரர்கள் மேல் பழைய கட்டடம் இடிந்து விழுந்தது. அடுத்த வருடம் டிசம்பரில் நெல்பேட்டை பக்கம் ராத்திரி ரோந்து போன போலீஸ் ஏட்டு மேல் விழுந்தது. அவர்கள் யாரும் அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் இல்லை. வேலையாக வெளியிலிருந்து வந்தவர்கள். பழைய கட்டடம் உள்ளே இருப்பவரோடு முடிகிற விஷயமில்லை. கீழ்வீட்டுக் குழந்தைகள் ஸ்கூல் வேனுக்கு நிற்கிற இடம் இந்தத் தளத்துக்கோ சன்ஷேடுக்கோ கீழேதானே இருக்கும்?

வைகைக்கரை:
ஆமாம் அண்ணே. சன்ஷேடுக்குக் கீழேதான் நிற்கிறார்கள்.

வில்லாபுரம் அண்ணன் சொல்வதை வீட்டிலும் சொன்னார்கள். நான் நிறைய யோசித்தேன். அந்தக் கர்ப்பிணிப் பெண்ணிடம் பொய் சொல்லி வாங்கும் பணத்தில் நாங்கள் இன்னொரு வீட்டுக்கு ஒத்தி கொடுக்க வேண்டும். அங்கே யாரோ ஒருத்தி என்னிடம் இதே மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பாள். எனக்கு அது வேண்டாம். இனி யார் வீடு பார்க்க வந்தாலும் அந்த அறையைத் திறந்து காட்டி, தட்டிக் காட்டப் போகிறேன். வீட்டுக்காரரிடமும் இதைச் சொல்லிவிட்டேன். கடிதம் நாளை போகிறது. கீழ்வீட்டு அக்காவும் கையெழுத்துப் போடுகிறார்.

அண்ணாநகர்மாடிவீடு:
கடிதத்தில் ஒரு வழியும் சேர்த்து எழுதுங்கள். முழுப் பணமும் ஒரே நாளில் கேட்டால் அவரால் முடியாது, முடியாதவர் ஓடப் பார்ப்பார். தவணை கேளுங்கள், எழுத்தில். அவர் நிலத்தையோ நகையையோ வைத்துப் பாதியாவது புரட்ட முடியும். காலி வீடாக இருந்தால்தான் தளத்தில் வேலை பார்க்க முடியும் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே போவது அவருக்கும் நல்லதுதான் என்று அவருக்குப் புரிய வேண்டும்.

வைகைக்கரை:
நடந்ததை எழுதிவிடுகிறேன், பின்னால் வருபவர்களுக்கு உதவும்.

கடிதம் கிடைத்த அன்று வீட்டுக்காரர் வாசலில் நின்று சத்தம் போட்டார். அடுத்த நாள் அவர் மகன் வந்தார், பொறுமையாகப் பேசினார். மண்டல அலுவலகத்திலிருந்து பொறியாளர் வந்து பார்த்தார். அந்த அறையையும் மொட்டைமாடியையும் பயன்படுத்தக் கூடாது, தொட்டியை இறக்க வேண்டும், சன்ஷேடை இடித்து எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தொட்டி இறங்கிவிட்டது. அந்த அறையில் ஜாக்கி வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சன்ஷேடு இன்னும் அப்படியே இருக்கிறது. கீழே இரண்டு ட்ரம் வைத்துக் கயிறு கட்டி, குழந்தைகளை எதிர்ப்பக்கம் நிற்க வைக்கிறோம். ஆர்சிசிபி போட்டாயிற்று. போட்ட அன்று மழை, இரண்டு முறை அது தானாகவே மின்சாரத்தைத் துண்டித்தது. எலக்ட்ரீஷியன் அடுப்படி ஒயரை உருவி வெளியே எடுத்தார். குழாய்க்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்குத் தோலே இல்லை.

பணம்: இரண்டு லட்சம் வங்கியில் போட்டுவிட்டார்கள். மீதிக்குத் தேதி போட்டு இரண்டு செக், ஒவ்வொன்றும் ஒரு லட்சம். மகனும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறது. கூடல் நகர் பக்கம் மாத வாடகைக்கே ஒரு வீடு பார்த்திருக்கிறோம். சின்ன வீடு. ஒத்தி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம்.

தளம்போடுறவன்:
சன்ஷேடு வேலை தொடங்கும்வரை கீழ்வீட்டு அக்காவை விடாமல் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் போனதும் மறந்துவிடுவார்கள். புது வீட்டில் சாவி வாங்குமுன் எல்லா அறைத் தளத்தையும் தட்டிப் பாருங்கள்.

கோர்ட்வாசல்:
செக் விஷயத்தில் கவனம். செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். "கொஞ்சம் பொறுங்க, அடுத்த மாசம் போடுங்க" என்று அவர்கள் கேட்டால் பழைய செக்கைக் கையில் வைத்துக் காத்திருக்காமல் புதுத் தேதியில் வேறு செக் வாங்குங்கள். பணமில்லை என்று திரும்பினால், வங்கி தகவல் தந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பின் அவருக்கு 15 நாள். அதற்குள்ளும் தரவில்லையென்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. வீட்டைக் காலி செய்யும் அன்று எல்லா அறையையும் வீடியோ எடுத்து, சாவி கொடுத்ததற்கு எழுதி வாங்குங்கள்.

வைகைக்கரை:
குறித்துக்கொண்டேன் ஐயா. முதல் செக்குக்குத் தேதி தை 15க்குப் பக்கத்தில் வருகிறது. போட்டதும் இங்கே எழுதுகிறேன். அந்தக் கர்ப்பிணிப் பெண் இன்னும் வீடு தேடுகிறாள் என்று கீழ்வீட்டு அக்கா சொன்னார். செல்லூர், நரிமேடு, ஆரப்பாளையம் பக்கம் தளம் நன்றாக இருக்கிற வீடு, மாத வாடகைக்கு, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

வில்லாபுரம்72:
மீனாம்பாள்புரத்தில் என் தங்கை வீட்டு மாடி தை மாதம் காலியாகிறது. போன வருடம்தான் தளம் மாற்றிப் போட்டது. தனிச் செய்தி அனுப்புகிறேன்.